இருபத்திரண்டு பாகையில் ஒரு மேடு

மூன்று உரப்பை உமி.
ஆதம்பாவா காக்கா காசு வாங்கவில்லை.
"குப்பைய அள்ளிக்கிட்டுப் போறதுக்கு
நாந்தான் புள்ள ஒனக்குக் காசு தரணும்."

அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவினேன்.
பெரும்போகம் முழுக்க வட்டையில் குடித்த பொட்டாசியம்
பழுப்புத் தண்ணீராய்ப் பீலியில் போனது.
மறுகா உலை. அறுநூறு பாகை. இரண்டு மணித்தியாலம்.
கறுப்பு, பின் சாம்பல்,
பின் முட்டை ஓட்டின் உட்புறம் போல ஒரு வெள்ளை.

வேர் குடித்த மணல் அது.
நெல் தன் உறைக்குள் ஒளித்துவைத்தது.
உமி நாக்கை அறுப்பது ஏனென்று
இனி யாரும் என்னைக் கேட்கலாம்.

பேராதனையிலிருந்து எக்ஸ்-கதிர்த் தாள் வந்தது.
பளிங்கென்றால் ஊசி ஊசியாய் எழும்பியிருக்கும்.
எனக்கு ஒரு மேடு மட்டும்.
இருபத்திரண்டு பாகையில்,
குளத்துக்குள் கிடக்கும் எருமை
முதுகை மட்டும் காட்டுகிற மாதிரி.

அந்த முதுகுக்குக் கீழே என்ன கிடக்கிறது?
நாலு நானோமீற்றர் உருண்டை ஒன்றைக் கணினிக்குள் கட்டினேன்.
எழுநூற்று முப்பத்தேழு சிலிக்கன்.
ஒட்சிசன் அதன் இரட்டிப்பு.
உருக்கினேன், ஆறவிட்டேன்.
சம்மாந்துறையில் கரண்ட் போனது.
திரும்பவும் உருக்கினேன்.

ஒரு சிலிக்கனைச் சுற்றி நாலு ஒட்சிசன்.
உள்ளே இந்தக் கணக்குப் பிசகுவது அருமை.
ஒவ்வொரு ஒட்சிசனும் இரண்டு நான்முகிகளுக்கு நடுவே,
ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோட்டது போல.
மடங்கும் கோணம்தான் யார் சொல்லுக்கும் நிற்காது:
நூற்று நாற்பத்தாறு, நூற்று ஐம்பத்தொன்று,
ஓர் இடத்தில் நூற்று இருபத்தெட்டு.
பக்கத்தில் இருப்பவனை எல்லா அணுவும் அறியும்.
அவனுக்கு அடுத்தவனை, ஓரளவு.
அதற்கும் அப்பால் யாரென்று விசாரித்தால்
ஒன்றும் சாட்சிக்கு வராது.

"எங்கட ஊரப் போல" என்றாள் துவாரகி,
காரைதீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
இல்லை என்றேன்.
எங்கள் ஊரில் பத்தாவது வீட்டிலும் சொந்தக்காரர்.

ஆறு பேர் கூடிய வளையங்கள் கூட.
ஐந்தும் ஏழும் இடையிடையே.
தோலோரம் மூன்று பேர் நெருக்கியடித்த ஒன்று;
இழுபட்டு நிற்கிறது,
தண்ணீர் வந்தால் முதலில் அதைத்தான் பிரிக்கும்.
விளிம்பில் சில அணுக்களுக்கு ஒரு கை மிச்சம்.
காற்றின் ஈரத்தை இழுத்து
ஐதரசன் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன.
உருண்டை சிறுக்கச் சிறுக்க உள் குறைந்து
தோலே கூடுகிறது.
மார்கழியில் போத்தலுக்குள் தூள் கட்டிபட்டது
என் கவனயீனத்தால் அல்ல.

பிறகு ஒருநாள், சும்மா,
மில் கொதிகலனின் தட்டிலிருந்து ஒரு பிடி சாம்பல்.
அதற்கு யாரும் பாகை பார்ப்பதில்லை.
காற்றடித்தால் ஆயிரமும் தாண்டும்.
அதையும் பேராதனைக்கு அனுப்பினேன்.

அதே இருபத்திரண்டு.
எருமை கிடந்த அதே இடத்தில்
செங்குத்தாய் ஓர் ஊசி.
கிறிஸ்டோபலைட்.
அதே சிலிக்கன், அதே ஒட்சிசன்,
இப்போது அணிவகுத்து, ஆயிரமாவது ஆள் வரை தெரிந்து.
நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராதது.

பத்தொன்பது வருடமாய் அதை அள்ளுகிறவரிடம்
இரண்டு தாளையும் கொண்டுபோனேன்.
"எது புள்ள நல்லது?"
மேட்டைத் தொட்டேன்.
"ஒழுங்கா நிக்கிறதுதானே நல்லது?"
இருமினார். தாளை மடித்துச் சாரன் மடிப்புக்குள் வைத்தார்.
தண்ணி தெளித்து அள்ளுங்கள் காக்கா என்றேன்,
மூக்கைக் கட்டுங்கள் என்றேன்.
கோணங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன்.
சாம்பல் குவியலின் மேல் பச்சைக் குழாய் ஒன்று கிடந்தது.
பைப் பூட்டியிருந்தது.
குழாய் வாயில் மட்டும் சொட்டுச் சொட்டாய்.
விழுந்த இடம்
உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது.